பொம்மை கிடைத்தவன் போகக் கூடாது

டிசம்பர் 9, செவ்வாய்

பானை எட்டு மணிக்குள் காலி. போன மாதம் இதே பள்ளிக்கூட முனையிலிருந்து சோளமாவில் கறி வைத்து அவித்த தமால்களில் பாதியை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன். பயந்துபோய் யாரும் வெளியே தலை காட்டவில்லை. இப்போது வருகிறார்கள். கழுத்தில் விசில் தொங்குகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். குடியேற்றக் காகிதம் இல்லாதவர்களைப் பிடிக்கிற அரசாங்க வண்டி எங்காவது தெரிந்தால் ஊத வேண்டும். என்னுடையது மஞ்சள் விசில். சிகாகோ குளிரில் உதட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்று மகள் யாரெட்ஸி அதற்கு நூல் சுற்றிக் கொடுத்திருக்கிறாள்.

சாயங்காலம் நாளைக்கான தமால்களுக்கு உட்கார்ந்தோம். சோளத் தோகையில் மாவு தடவுவது எதிர்வீட்டுச் சபேலா, நடுவில் கறி வைப்பது நான், மடித்துக் கட்டுவது தம்பி செலெரினோ, எங்களுக்குச் செலே. வீடு வீடாகத் தரை ஓடு பதிக்கிறவன் அவன். தமாலைக்கூடக் கோடு போட்ட மாதிரி அடுக்குவான்.

சபேலா மாவுக் கையோடு போனைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். “ஹெர்மி, கேட்டியாடி? காகிதம் இல்லாதவங்க தானா ஊருக்குப் போனா அரசாங்கமே விமான டிக்கெட்டும் குடுத்து, கையில காசும் குடுக்கறாங்களாம். வரும்போது நாம காசு குடுத்து வந்தோம். போகும்போது அவங்க குடுக்கறாங்க. கணக்கு நேராயிடுச்சு!”

“அந்தக் காச அவங்களே வச்சுக்கட்டும்” என்றேன். “இருபத்தோரு வருஷமா வரி கட்டறேன். விருந்து முடிஞ்சதும் சமையக்காரிக்குப் பின்வாசல்ல வச்சுக் குடுக்கற மாதிரி ஒரு கவரா?”

யாரெட்ஸி அடுத்த அறையிலிருந்தே குரல் கொடுத்தாள். “ஒரு கையில விலங்கு, ஒரு கையில காசு. அப்பறம் ‘விருப்பப்பட்டுத்தான் போனாங்க’ன்னு எழுதிக்குவாங்க. இதுக்குப் பேரு விருப்பமா?” பதினெட்டு வயது. இங்கேயே பிறந்தவள். பேச்சில் யாரும் அவளை மடக்க முடியாது.

செலே தலையைத் தூக்காமல் சொன்னான்: “பழைய வீட்ட வித்தப்ப, சீக்கிரம் காலி பண்ணுங்கன்னு வீட்டுக்காரன் காசு குடுத்தானே அக்கா. நீ வாங்கிக்கல?”

“அது வேற. அப்ப எனக்குப் போக இன்னொரு வீடு இருந்துச்சு.”

அவன் அடுத்த தமாலை எடுத்துக் கட்டினான்.

எப்படியோ, நம் வீட்டில் அந்தக் காசை யாரும் தொடப் போவதில்லை. பேசி முடித்தாகிவிட்டது.

டிசம்பர் 12, வெள்ளி

மாதா திருநாள். விடிகாலைப் பூசைக்குப் போய் அப்படியே கோயில் வாசலில் கடை போட்டேன். செலே மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வெகுநேரம் மாதா முன்னால் நின்றான். அவனுக்கு என்ன இவ்வளவு வேண்டுதல் என்று கேலி செய்தேன். சிரித்தான்.

டிசம்பர் 14, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைடா என்றேன். அவ்வளவுதான் சொன்னது. தினமும் சொல்வதுதான். அவன் சாதாரணமாக “சரிங்க மகாராணி” என்று குறைத்துவிடுவான். இன்றைக்கு எழுந்து நின்று கத்தினான்.

“பதிமூணு வருஷமா உன் சத்தத்த நான் கேக்கலையா? இது உன் வீடு, உன் அடுப்பு, உன் சட்டம். எனக்குன்னு ஒரு மூலை இருக்கா இங்க?”

நான் விடுவேனா? “மூலை வேணும்னா வாடகை குடுத்துப் புடிச்சுக்கோ” என்றேன்.

புடிச்சுக்கிட்டான். ஒரு மணி நேரத்தில் ரெண்டு பையோட கெளம்பிப் போயிட்டான். ரெண்டு தெரு தள்ளி ஏதோ நிலவறையாம். முன்னாடியே பேசி வச்சிருக்கான் போல, இல்லன்னா ஞாயித்துக்கெழமை யாரு சாவி குடுப்பா? என் புருஷன் நிக்காந்த்ரோ செத்தப்ப சவப்பெட்டிக்கு முன்னாடி நின்னவன். ஒரு ரேடியோவுக்காகப் போறானாம்.

சும்மா இருக்கட்டும். கோபம் வயிறு காலியாகும்வரைதான். அந்த ரேடியோவையே இங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அவன் திரும்பி வருவான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

டிசம்பர் 20, சனி

அழுக்குத் துணி மூட்டையோடு வந்தான். அந்த நிலவறையில் துவைக்கும் எந்திரம் இல்லையாம். நான் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன். உள்ளுக்குள் சிரிப்பு. அக்காவிடம் துணி துவைக்கக் கொடுக்கிறவன் எங்கே போய்விடப் போகிறான்? யாரெட்ஸியிடம் சொன்னேன்: “பாரு, ராஜாக்கள் திருநாளுக்குள்ள உன் மாமா மூட்டை முடிச்சோட வந்துடுவான்.”

“இல்லம்மா. மாமா கோவமா இருக்கற மாதிரியே தெரியல எனக்கு” என்றாள்.

கோபம் என்றால் என்னவென்று இவளுக்கு இன்னும் தெரியாது.

டிசம்பர் 24, புதன்

குழந்தை இயேசுவை வைக்கோலில் படுக்க வைத்தோம். மெக்சிகோவில் எங்கள் ஊரான புயெப்லாவிலிருந்து என் மடியிலேயே வந்த குழந்தைச் சிலை. ஒரு விரல் உடைந்திருக்கிறது. செலேதான் தாலாட்டுப் பாடினான். சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான், போய்விட்டான்.

ஜனவரி 6, செவ்வாய்

மூன்று ராஜாக்கள் திருநாள். ரொட்டிக்கடை வெந்செஸ் சைக்கிள் டயர் அளவுக்கு ராஜாக்கள் ரொட்டி செய்து அனுப்பியிருந்தார். கட்டடத்தில் பாதிப் பேர் எங்கள் வீட்டில். ஆளுக்கு ஒரு துண்டு அவரவரே வெட்ட வேண்டும். யார் துண்டில் பொம்மைக் குழந்தை வருகிறதோ அவர் பிப்ரவரி இரண்டாம் தேதி மெழுகுதிரித் திருநாளுக்கு எல்லோருக்கும் தமால் போட வேண்டும். வீட்டுக் குழந்தை இயேசுவுக்கு அவர்தான் ஞானத்தந்தை: உடுப்பு எடுத்து உடுத்தி, மெழுகுவர்த்தியோடு கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

ரொட்டிக்குள் மூன்று பொம்மை வைத்ததாக வெந்செஸ் சத்தியம் செய்தார். முதல் பொம்மை மாடிவீட்டுக்காரருக்கு. இரண்டாவது சபேலாவுக்கு, பல்லில் இடித்ததும் “ஐயோ என் சொத்தப் பல்லு!” என்று அவள் அலறிய அலறலில் அடுத்த கட்டடத்தில் யாரோ விசில் ஊதிவிட்டார்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பிறகு எல்லோரும் கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை.

மூன்றாவது பொம்மை வரவே இல்லை. ரொட்டி துளி மிச்சமில்லாமல் தீர்ந்துபோனது.

“எவனோ முழுங்கிட்டான்!” என்று சபேலா ஒவ்வொருவர் வாயாகத் திறக்கச் சொன்னாள். “தமாலுக்குப் பயந்து கடவுளையே முழுங்கற கூட்டம்! செலே, நீ ஆ காட்டு.”

செலே வாயைத் திறந்து காட்டினான். நாக்கைத் தூக்கியும் காட்டினான்.

ஜனவரி 10, சனி

துவைக்கும் எந்திரத்தில் டக் டக் என்று ஒரு சத்தம். நிறுத்திக் கையை விட்டுத் துழாவினேன். செலேயின் வேலைச் சட்டைப் பையில் பொம்மைக் குழந்தை!

திருடன்! நாக்கையெல்லாம் தூக்கிக் காட்டினானே. நாளைக்குப் பூசை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் இவன் மானத்தை வாங்காவிட்டால் என் பேர் ஹெர்மிலா இல்லை. சபேலாவிடம் சொன்னேன்; அவள் இப்போதே தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

பின்சேர்க்கை. துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. எதற்கு ஒளித்தான்? தமால் செய்யப் பயந்தா? அவன் அக்கா தமால் விற்கிறவள். இருநூறு தமால் எனக்கு ஒரு சாயங்கால வேலை, அதுவும் அவனுக்குத் தெரியும். ‘எனக்கு வந்துடுச்சு, அக்கா பாத்துக்குவா’ என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. அவன் கஞ்சனும் இல்லை. மற்றவர்களிடம் என்ன வேண்டுமானாலும் அளந்துவிடுவான், ஆனால் குழந்தை இயேசு விஷயத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்ற மாட்டான். அப்படியென்றால் பிப்ரவரி இரண்டாம் தேதி அவனால் என்ன முடியாது? தமால் போடவா, இங்கே இருக்கவா?

யாரெட்ஸியை அனுப்பிச் சபேலாவின் வாயை அடைக்கச் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு நானே நேரில் போகிறேன்.

ஜனவரி 11, ஞாயிறு

போனேன். வரிசையாகவே எழுதுகிறேன், இல்லாவிட்டால் மூச்சு முட்டும்.

கதவைத் திறந்ததும் பொம்மையை அவன் உள்ளங்கையில் வைத்தேன். அறையைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு பாய், ஒரு நாற்காலி. ஓடு வெட்டும் எந்திரத்தைக் காணோம். யாரையும் தொட விடமாட்டான் அதை. கூட வேலை செய்கிறவனுக்குக் கொடுத்துவிட்டானாம். சுவரோரமாகப் புதுப் பெட்டி ஒன்று, விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல்.

“எப்ப?” என்றேன்.

“இருவத்தேழு.”

“ஊருக்குப் போகப் பேர் குடுத்துட்டியா?”

“டிசம்பர் பதினாறே குடுத்துட்டேன். போட்டோ, விலாசம், எல்லாம்.”

விலாசம்னா எந்த விலாசம்டா? அந்த வீட்ல நான் இருக்கேன், காகிதம் இல்லாம. கூடத்தில வாடகைக்குப் படுத்திருக்கற ரெண்டு பேருக்கும் இல்ல. வீட்டைக் காட்டிக் குடுத்துட்டியாடான்னு கத்தினேன். சட்டையப் புடிச்சுட்டேன்.

அவன் என் கையை எடுக்கவில்லை. “இந்த விலாசந்தான் அக்கா. இந்த அறையோட விலாசம். அதுக்குத்தான இங்க வந்தேன்.”

பிடித்த சட்டையை விட்டேன்.

“உன் வீட்ல இருந்துக்கிட்டுப் பேர் குடுக்க முடியுமா? காரணம் சொல்லாம வெளிய போறேன்னா நீ விட்ருவியா? நீ ஆயிரம் கேள்வி கேப்ப. அதான் ரேடியோவ வச்சு ஒரு சண்டை.”

ஆக அந்தச் சண்டை வெறும் நடிப்பு. நான் ஒரு மாதமாக, அவன் கோபம் எப்போது தணியும் என்று காத்துக்கொண்டிருந்தேன். கோபமே இல்லை அங்கே. யாரெட்ஸி பார்த்தாள், நான் பார்க்கவில்லை.

அப்புறம் நான் பேசினேன். நிறையப் பேசினேன். அவர்கள் மிரட்டி அனுப்புகிறார்கள், நீ பயந்து ஓடுகிறாய். போன பிறகுதானாம் காசு, அதை எதை நம்பிப் போகிறாய்? ஒருமுறை போனால் இந்தக் கதவு மறுபடி திறக்குமா என்று யாருக்குமே தெளிவாகத் தெரியாது. காசுக்காகவா? வேண்டுமானால் நான் தருகிறேன் அந்தக் காசு.

“பாத்தியா” என்றான். “அவங்க போறதுக்குக் காசு தர்றாங்க. நீ இருக்கறதுக்குத் தர்றேங்கற. நான் என்ன நெனைக்கறேன்னு ரெண்டு பேருமே கேக்கல.”

“சரி, கேக்கறேன். சொல்லு.”

“பொண்டாட்டின்னு ஊர்ல விட்டுட்டு வந்த ஆதெல்ஃபாவுக்குப் பதிமூணு வருஷமா நான் போன்ல வர்ற ஒரு குரல். அவ அழகா இருந்தப்ப நான் பக்கத்துல இல்ல. அவளுக்கு நரைக்கும்போதாவது இருக்கணும். பயமும் இருக்கு, இல்லன்னு சொல்லல. ராத்திரி வண்டிச் சத்தம் கேட்டா எந்திரிச்சு உக்காந்துக்கறேன். ஆனா போகணும்னு நெனப்பு இந்தப் பயத்துக்கு முன்னாடியே இருக்கு.”

“அப்ப முன்னாடியே போயிருக்க வேண்டியதுதான! இவங்க காசு குடுக்கற வரைக்கும் எதுக்கு உக்காந்திருந்த?”

அவன் பொம்மையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“அத்தான் செத்ததுக்கப்பறம் உன்ன விட்டுட்டு எப்படிப் போறது? நீ ஒரு வார்த்த ‘போடா, நான் பாத்துக்கறேன்’னு சொல்லியிருந்தா, எப்பவோ போயிருப்பேன் அக்கா. நீ சொல்லல. அவங்க சொன்னாங்க.”

ஜனவரி 12, திங்கள்

கடை போடவில்லை.

ஜனவரி 14, புதன்

இரண்டு நாளாகச் சபேலாதான் என் முனையில் நிற்கிறாள். இன்றைக்கு மீதியிருந்த பானையோடு வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

“காசு குடுக்கறவன் தப்பா, வாங்கறவன் தப்பா, சொல்லு ஹெர்மி” என்றாள். “எனக்குத் தெரியல. புடிச்சு அனுப்பறதவிட இது அவங்களுக்குச் சல்லிசாம். அவங்க லாபம் பாத்துத்தான் குடுக்கறாங்க. அதுக்காக இவன் வாங்கறது பாவமாயிடுமா?”

“பயத்தக் காட்டிட்டுக் காச நீட்டறான் பாரு, அவன் தப்பு.”

“அப்ப செலே?”

எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனேன். ஆனால் இங்கே எழுதலாம். அவன் போக ஆசைப்பட்டான், அது உண்மை. அவனைப் பயமுறுத்தினார்கள், அதுவும் உண்மை. இரண்டும் ஒரே பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிறது. எது எது என்று பிரித்துக் காட்ட அவனாலேயே முடியாது. காசு கொடுப்பவர்களுக்கு அது தெரிந்திருக்கும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அவர்களை நான் மன்னிக்கப் போவதில்லை.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. அவர்கள் அவனைப் போ என்று தள்ளினார்கள் என்றால், நான் என்ன செய்தேன்? ஆதெல்ஃபாவின் பேச்சு வரும்போதெல்லாம் நான் நிக்காந்த்ரோவின் பேச்சை எடுப்பேன். தெரிந்தா செய்தேன்? தெரிந்துதான் செய்திருப்பேன். ஒரு வார்த்தைகூடச் சொல்லாமலே அவனை இருத்தி வைத்திருந்தேன்.

ஜனவரி 17, சனி

செலே துணி மூட்டையோடு வாசலில் நின்றான், உள்ளே வரலாமா என்று தெரியாமல். “உள்ள வாடா, குளிர் வீட்டுக்குள்ள வருது” என்றேன்.

துணியை எந்திரத்தில் போட்டுவிட்டு யாரெட்ஸியைக் கூப்பிட்டேன், சபேலாவைக் கூப்பிட்டேன். “இந்த வருஷம் மெழுகுதிரித் திருநாள் இருவத்தஞ்சாந்தேதி” என்று அறிவித்தேன்.

சபேலா சிலுவை போட்டுக்கொண்டாள். “அடிப்பாவி, திருநாள மாத்த நீ யாரு? பாப்பரசரா?”

“பொம்மை கெடைச்சவன் தமால் போடாம எங்கயும் போகக் கூடாது. அவனால அதுவரைக்கும் இருக்க முடியல, அதனால திருநாள் முன்னாடி வருது. குழந்தை இயேசு கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கறேன்.”

“சாமியார் என்ன சொல்லுவாரு?”

“பத்துத் தமால் குடுத்தா ஒண்ணும் சொல்ல மாட்டாரு.”

செலேயிடம் சொன்னேன்: “உடுப்பு எடுக்கறது உன் பொறுப்பு. மாவு பெசையறதும் நீதான். நான் கறி மட்டும் வைப்பேன். ஞானத்தந்தைன்னா சும்மாவா?”

அவன் தலையாட்டினான். அப்புறம் ரேடியோவைப் போட்டான். சத்தமாகத்தான் போட்டான். நான் குறைக்கச் சொல்லவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

அறுபது பேர். படிக்கட்டு வரைக்கும் ஆள். செலே மாவில் உப்பைக் கோட்டை விட்டுவிட்டான். எல்லோரும் மூச்சுவிடாமல் தின்றார்கள். வெந்செஸ் மட்டும் “ஓடு பதிக்கிறவன் கை, மாவும் ஓடு மாதிரியே இருக்கு” என்றார்.

அவன் எடுத்து வந்த உடுப்பைப் பிரித்ததும் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். யாத்திரைக்காரக் குழந்தையின் உடுப்பு: தொப்பி, கைத்தடி, சின்னக் கூடை, நிஜத் தோலில் தைத்த சுண்டுவிரல் அளவுச் செருப்பு. கடையில் வெள்ளை உடுப்பு இருந்ததாம், டாக்டர் உடுப்பு இருந்ததாம், இதைத்தான் எடுத்தானாம்.

“போறது நீ. குழந்தைக்கு எதுக்குடா செருப்பு?” என்றேன்.

“அது ராத்திரியில கெளம்பி எல்லார் வீட்டுக்கும் போயிட்டு வரும்னு நம்ம ஊர்ல சொல்வாங்கல்ல அக்கா. தேஞ்ச செருப்போட எப்படி அவ்ளோ தூரம் வரும்?”

உடுத்திவிட்டான். உடைந்த விரலைக் கூடையின் பிடிக்குள் மறைத்தான். பன்னிரண்டு மணிப் பூசைக்குத் தூக்கிக்கொண்டு போனான். தெரு முழுக்க எங்களோடு மெழுகுவர்த்தியோடு நடந்தது. இவர்கள் ஏன் ஒரு வாரம் முன்னாலேயே வருகிறார்கள் என்று சாமியார் கேட்கவில்லை. தண்ணீர் தெளித்தார். தமாலை வாங்கிக்கொண்டார்.

அழக் கூடாது என்று இருந்தேன். அழவில்லை. கோயிலில் மட்டும் கொஞ்சம்.

ஜனவரி 27, செவ்வாய்

விமான நிலையத்துக்கு நான் போக முடியாது. கார் ஓட்டிப் போனது யாரெட்ஸி, காகிதம் உள்ளவள். நடைபாதையிலேயே வழியனுப்பினேன். பனி இரண்டு அடி. அவன் தொப்பியைக் கழற்றி மண்டியிட்டான். நெற்றியில், மார்பில், இரண்டு தோளிலும் சிலுவை போட்டேன். ஊரை விட்டுப் புறப்பட்ட அன்றைக்கு எனக்கு இப்படிப் போட யாருமே இல்லை. நிக்காந்த்ரோ சந்தில் காத்திருந்தான், அவசரம்.

அப்புறம் சொன்னேன். ஒரு வருடமாக, பத்து வருடமாக, எவ்வளவு நாளோ சொல்லாமல் வைத்திருந்ததை.

“போடா. நான் பாத்துக்கறேன்.”

அவன் என் கையைப் பிடித்து முத்தமிட்டான். “இப்பத்தான் அக்கா எனக்கு டிக்கெட் கெடைச்சுது” என்றான்.

கார் திரும்பும்வரை நின்றேன். பிறகு பானையை எடுத்துக்கொண்டு முனைக்குப் போனேன். நேரமாகிவிட்டது, பாதிதான் விற்றது.

ஜனவரி 28, புதன்

போய்ச் சேர்ந்துவிட்டான். ஆதெல்ஃபா போனை வாங்கிப் பேசவே முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் சேவல் கூவியது. செலே குளித்துக்கொண்டிருந்தானாம்.

காசு இன்னும் வரவில்லையாம். வரும்போது வரட்டும்.

பிப்ரவரி 2, திங்கள்

உலகத்துக்கு இன்றைக்குத்தான் மெழுகுதிரித் திருநாள். சபேலாவும் மாடிவீட்டுக்காரரும் தங்கள் பொம்மைக் கடனைத் தீர்த்தார்கள். சபேலா கடையில் மாவு வாங்கியதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். இங்கே மட்டும் எழுதுகிறேன்.

மத்தியானம் செலே பேசினான். அங்கேயும் தமால் போட்டானாம், தெருவுக்கே. காசு வந்துவிட்டது. “முதல் செலவே இதுதான் அக்கா. சோளம், பன்றிக்கறி, வாழையிலை எல்லாம் அவங்க கணக்கு. எல்லாரும் ரெண்டு தடவ வாங்கினாங்க.”

“உப்புப் போட்டியா?”

“ஆதெல்ஃபா போட்டா.”

சிரித்துவிட்டேன். அந்தக் காசை நம் வீட்டில் யாரும் தொட மாட்டார்கள் என்று இதே நோட்டில்தான் எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும், அன்றைக்கு நான் அப்படித்தான் இருந்தேன்.

சாயங்காலம் தமால் கட்ட யாரெட்ஸி உட்கார்ந்தாள், மாமாவின் இடத்தில். அவள் முடிச்சு கோணல்மாணல். நாலைந்து கட்டிவிட்டுச் சொன்னாள்:

“அம்மா, ஒண்ணு சொல்றேன், கத்தாத. நீ எனக்காகத்தான் இங்க இருக்கேன்னா, இருக்க வேணாம். என் படிப்ப நான் பாத்துக்குவேன். உனக்குப் போகணும்னா போ. காசு வாங்கிக்கிட்டுப் போனாலும் சரி, வாங்காமப் போனாலும் சரி. நான் சொல்லலன்னு பின்னாடி ஆகக் கூடாது. அதான் சொல்லிட்டேன்.”

கை நின்றுவிட்டது. இந்தப் பெண் எங்கிருந்து கற்றாள்? அன்றைக்கு நடைபாதையில் காருக்குள் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி திறந்திருந்தது போல.

அவசரமாகச் சொன்னால் அது பழக்கத்தில் வருகிற பதில். உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். புயெப்லாவை நினைத்தேன், வாழையிலைத் தமாலை நினைத்தேன், சேவலை நினைத்தேன். பள்ளிக்கூட முனையை நினைத்தேன். அங்கே வரும் அந்தச் சிவப்புக் குல்லாய்க்கார வாத்தியார், காரமானது இரண்டு, காரமில்லாதது ஒன்று. சபேலாவின் சொத்தைப் பல். நிக்காந்த்ரோவின் கல்லறை, அதன்மேல் இப்போது பனி.

“கேட்டதுக்கு நன்றி” என்றேன். “எனக்கு இங்க புடிச்சிருக்குடி. யாருக்காகவும் இல்ல. நான் இருக்கேன்.”

“சத்தியமா?”

“குழந்தை சத்தியமா.”

குழந்தை இயேசு மேசைமேல் குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தது, தொப்பியும் கைத்தடியுமாக. இனி அடுத்த டிசம்பர் வரைக்கும் உட்கார்ந்தே இருக்கும். யாரெட்ஸி அதன் செருப்பைத் தூக்கிப் பார்த்து, அடி தேய்ந்திருக்கிறது என்றாள். நான் நம்பவில்லை. கண்ணாடி போட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

நாளைக்குக் கோழி, பச்சை மிளகாய். விசிலைக் கதவருகே மாட்டி வைத்துவிட்டேன்.